சுவரில் மாட்டிய என்.ஏ.பி.எச். சான்றிதழை எந்த அளவுக்கு நம்பலாம்? (அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை)

#1 கரூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. வலது முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்ட என்.ஏ.பி.எச். சான்றிதழ் (ஆஸ்பத்திரித் தரத்துக்கான தேசிய வாரியம் கொடுப்பது), லிஃப்ட் கதவில் அதன் ஸ்டிக்கர், பில்லில்கூட முத்திரை. இன்னொன்று டவுனுக்குள் இருக்கிற பழைய 40 படுக்கை ஆஸ்பத்திரி. சான்றிதழ் ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கே இருக்கிற எலும்பு டாக்டர்தான் எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றினார், பெரியப்பா இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறார். செலவில் 60 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

"அதெல்லாம் காசு கட்டினா குடுக்கிற பேப்பர்" என்கிறார் என் மச்சான். அந்த 60 ஆயிரத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 கசப்பு_மருந்து

உங்கள் மச்சான் சொன்னது சரி. என் மாமனாரை இதே மாதிரி சட்டம் போட்ட ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். இரண்டாம் நாள் விடியற்காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனது. சிறுநீர்த் தொற்றுக்குப் போன மனுஷன் இடுப்பில் பிளேட்டோடு திரும்பினார். "அட்டெண்டர் (நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்) எங்கே போனார்" என்று எங்களைத்தான் கேட்டார்கள். சான்றிதழ் அப்போதும் சுவரில்தான் தொங்கியது.

#3 வார்டு_சிஸ்டர்

கரூர் தம்பி, பதினொரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், அதில் கடைசி ஐந்து வருஷம் தர மேம்பாட்டுப் பிரிவு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், காசு கட்டினால் கிடைக்காது. விண்ணப்பத்துக்கும் ஆய்வுக்கும் கட்டணம் உண்டு, அது வேறு. அதைக் கொடுக்கிற வாரியம் இந்தியத் தரக் கவுன்சிலுக்குக் கீழே வருவது. வெளியூர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற டாக்டர்களும் நர்ஸ்களும்தான் அசெஸ்ஸராக, அதாவது ஆய்வு செய்ய வருவார்கள். நான் வேலை பார்த்தது 2020-ல் வந்த ஐந்தாம் பதிப்பு புத்தகத்தை வைத்து: 10 அத்தியாயம், 100 தரநிலை, அதற்குள் 651 அம்சம். அதில் 102 'கோர்', அதாவது கட்டாயமானவை. மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோரில் கை வைக்க முடியாது.

ஆனால் நாடகமும் உண்டு. அசெஸ்ஸர் வருகிறார் என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பெயிண்ட் வாசனை, புது பெட்ஷீட், நாலு கலர் குப்பைத் தொட்டி எல்லாம் ஒழுங்காக வரிசையில். ராத்திரி உட்கார்ந்து மூன்று மாதப் பதிவேட்டை ஒரே மூச்சில் எழுதுவோம். இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை பார்த்து எழுத வேண்டும். ஒரு தடவை அசெஸ்ஸர் மேடம் அந்தச் சார்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லா நாளும் 4 டிகிரி, ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. அச்சடித்த தாளில் 31 வரி இருந்ததா, பிப்ரவரி 30-க்கும் 31-க்கும்கூட 4 டிகிரி எழுதி வைத்திருந்தோம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிவிடும்.

அப்புறம், நிஜமாக மாறினதும் உண்டு. எங்கள் பெண்கள் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு செல்வி. ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். "செல்விதானேம்மா?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாராக இருந்தாலும் தலையை ஆட்டுவார்கள், ஆட்டினார்கள். பையைத் தொங்கவிட்ட பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்த ஜூனியர் பெண்தான் தடுத்தாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அந்த விதி உறைத்தது. பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் வரவழைக்க வேண்டும். கூடவே இன்னொரு அடையாளம்: ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோ, பிறந்த தேதியோ. அறை எண் அடையாளம் ஆகாது.

அதே மாதிரி பொட்டாசியம் குளோரைடு. அடர் கரைசலை நீர்க்காமல் நேராக ரத்த நாளத்தில் போட்டால் இதயம் நின்றுவிடும். ஆம்பூல் பார்க்க மற்ற ஆம்பூல் மாதிரியேதான் இருக்கும். முன்பெல்லாம் வார்டு டிராலியிலேயே கிடந்தது. இப்போது தனியாகப் பூட்டி, சிவப்பு லேபிள் ஒட்டி, இரண்டு பேர் பார்த்துதான் எடுக்க வேண்டும். இதை எங்களாகவே செய்திருக்கலாமே என்று கேட்டால், செய்திருக்கலாம்தான். செய்யவில்லை. புத்தகம் வந்து சொன்ன பிறகுதான் செய்தோம்.

#4 கசப்பு_மருந்து

பிப்ரவரி 30-க்கு நன்றி சிஸ்டர். நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

#5 பிஎச்சி_டாக்டர்

அரசு தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். எங்களுக்கு என்.க்யூ.ஏ.எஸ். என்று தனித் தரநிலை 2013-லிருந்து இருக்கிறது. எட்டுப் பிரிவு: என்ன சேவை கிடைக்கிறது என்பதில் தொடங்கி நோயாளி உரிமை, தொற்றுக் கட்டுப்பாடு வழியாகக் கடைசியில் விளைவு வரை. நாங்களே முதலில் மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு மாநில அளவில் பார்ப்பார்கள், கடைசியில் வேறு மாநிலத்திலிருந்து ஆள் வரும். 70 சதவீதம் தாண்டினால்தான் பேச்சு. மூன்று வருஷத்துக்குச் செல்லும். மாவட்ட மருத்துவமனை தேறினால் படுக்கைக்கு வருஷம் 10,000 ரூபாய் ஊக்கத்தொகை. இது தவிர, சுத்தத்துக்கு 2015-ல் தொடங்கிய காயகல்ப் விருது. அந்தப் பரிசுப் பணத்தில் கால் பங்கு ஊழியர்களுக்கே. துப்புரவுப் பணியாளர் அக்கா கையில் முதல் தடவையாக ஆஸ்பத்திரியின் பெயரால் ஒரு கவர் போனதை நான் பார்த்தேன்.

என் அனுபவத்தில் சான்றிதழைவிடப் பயன்பட்டது அந்தக் குறைப் பட்டியல்தான். பிரசவ அறையை ஒட்டிய கழிப்பறையில் தண்ணீர் கசிவு. எட்டு மாதம் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தரச்சான்று ஆய்வுக்கு முன் எடுத்த பட்டியலில் அதே கசிவு "இதனால் இத்தனை மதிப்பெண் குறையும்" என்று வந்ததும் மூன்று வாரத்தில் கொத்தனார் வந்துவிட்டார். தமிழ்நாட்டுக்கு 2019-ல் வந்த 28.7 கோடி டாலர் உலக வங்கிக் கடனே சிகிச்சையின் தரத்தை முன்வைத்துதான். அதனால் மேலே இருப்பவர்களுக்கும் மதிப்பெண் தேவைப்படுகிறது. கொத்தனார் வந்த ரகசியம் அதுதான். ஆனால் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் ராத்திரி டூட்டிக்கு இருக்கிற ஒரே நர்ஸ் இரண்டு நர்ஸாக ஆகிவிடமாட்டார்.

#6 முப்பது_படுக்கை

நானும் என் மனைவியும் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. எங்களைப் பற்றியும் யாராவது யோசியுங்கள். தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஸ்கேனுக்குத் தனிப் பதிவு, லிஃப்ட்டுக்கு லைசென்ஸ். இதற்கு மேல்தான் தரச்சான்று. எங்கள் கட்டடம் 1980-களில் கட்டியது, ஸ்ட்ரெச்சர் திரும்ப ராம்ப் வளைவு போதாது. இடித்துக் கட்டவா?

கன்சல்டன்ட் என்று ஒருவர் வந்தார். வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதின நெறிமுறைக் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். நாற்பதாம் பக்கத்தில் பெயரை மாற்ற மறந்துவிட்டார். எங்களிடம் இல்லாத டயாலிசிஸ் யூனிட்டுக்கும் அதில் விதி இருந்தது.

வேண்டாம் என்று ஒதுங்கவும் அப்போது முடியவில்லை. கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டுவது) வேண்டுமென்றால் குறைந்தபட்ச அளவுச் சான்றாவது வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் சொல்லியிருந்தது, 2022-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். கடைசியில் ஆரம்பநிலைச் சான்று வாங்கினோம். பயிற்சி கொடுத்த மூன்று நர்ஸில் இரண்டு பேர், "என்.ஏ.பி.எச். அனுபவம் உண்டு" என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

#7 கணக்குப்பிள்ளை

சான்று இருந்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அமெரிக்காவில் 4,400 ஆஸ்பத்திரி, 65 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகள். உள்நோயாளியாகச் சேர்ந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள், தனியார் அமைப்பின் சான்று பெற்ற இடங்களில் 10.2 சதவீதம், மாநில அரசு மட்டும் ஆய்வு செய்த இடங்களில் 10.6. புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. ஒன்றைக் கவனியுங்கள், அங்கே இரண்டாவது வகையையும் ஒருவர் வந்து பார்க்கிறார். நம் ஊரில் சான்று இல்லாத ஆஸ்பத்திரியை யார் வந்து பார்க்கிறார்கள்? தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1997-ல். அதற்கு விதிகள் வந்தது 2018-ல். இடையில் 21 வருஷம். ஆகவே அந்த ஆய்வை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இன்னொரு கணக்கு. அறுவை அரங்கில் கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும் படிக்கிற உலக சுகாதார நிறுவனத்தின் 19 வரிப் பட்டியல். எட்டு நகரங்களில், டெல்லி உட்பட, செய்து பார்த்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8. உலகமே கொண்டாடியது. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரியில் கட்டாயமாக்கினார்கள், 2014-ல் பார்த்தால் இறப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதே 19 வரிதான். ஒரு இடத்தில் சத்தமாகப் படித்துப் பதிலுக்குக் காத்திருந்திருப்பார்கள், இன்னொரு இடத்தில் டிக் அடித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த ஆய்வு வேலைக்கெல்லாம் மூதாதையர் எர்னஸ்ட் காட்மன் என்கிற பாஸ்டன் சர்ஜன். ஒவ்வொரு நோயாளியையும் பிறகு தொடர்ந்து போய்ப் பார்த்து என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும் என்றார். சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்து 1911-லிருந்து 1916 வரை 337 நோயாளிகள், அதில் தன் தரப்பில் 123 தவறு என்று அவரே அச்சடித்து வெளியிட்டார்! சக டாக்டர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். பின்னால் அமெரிக்க சர்ஜன் சங்கம் ஒரே பக்கத்தில் குறைந்தபட்சத் தரம் என்று எழுதி, நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரியைப் பார்த்தது. தேறியது 89. பெயர் போன இடங்கள் பலவும் தோல்வி. 1919-ல் நியூயார்க்கில் கூட்டம் நடந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் கொதிகலன் உலையிலேயே அந்தப் பெயர்ப் பட்டியலைப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று.

#8 கசப்பு_மருந்து

அந்த உலை இன்னும் அணையவில்லை என்று நினைக்கிறேன். நம் ஊரில் தேறியவர்கள் பட்டியலை வாரியத்தின் தளத்தில் பார்க்கலாம். எங்கே எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குத் தையல் சீழ் பிடித்தது, எங்கே பார்ப்பது?

#9 வார்டு_சிஸ்டர்

கசப்பு சார், உங்கள் மாமனார் விஷயத்தைப் படித்ததிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

எங்களிடம் 'இன்சிடென்ட்' நோட்டு என்று ஒன்று உண்டு. யாராவது விழுந்தால், மருந்து மாறினால், ஊசி கையில் குத்தினால், மாறப் பார்த்துக் கடைசி நிமிஷத்தில் தப்பினால்கூட எழுத வேண்டும். செல்வி சம்பவத்தைத் தடுத்த அந்த ஜூனியர் பெண் அதை நேர்மையாக எழுதினாள், பையைத் தொங்கவிட்டது யார் என்பது உட்பட. அவளுக்கும் தொங்கவிட்டவளுக்கும் சேர்த்து மெமோ, இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். அதோடு முடிந்தது. ஆறு மாதம் அந்த நோட்டில் ஒரு வரி இல்லை. மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் "சம்பவங்கள்: பூஜ்யம்" என்று சிலைடு போட்டுக் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அடுத்த ஆய்வுக்கு வந்தவர் வயதான ஒரு டாக்டர். ஃபிரிட்ஜ் சார்ட், குப்பைத் தொட்டி எதையும் பார்க்கவில்லை. அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். "அறுபது படுக்கை, ஆறு மாசம். ஒருத்தர்கூட விழலையா? ஒரு மாத்திரைகூட மாறலையா? அப்ப ஆஸ்பத்திரியில நோயாளியே இல்லையாம்மா?" என்றார். எங்கள் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதற்குப் பிறகு பெயர் எழுத வேண்டாம், தண்டனை இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. நானே முதலில் என் தவறு ஒன்றை எழுதினேன், ஆன்டிபயாடிக் அரை மணி நேரம் தாமதம். அப்புறம் மெல்ல வர ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்ததும் எம்.டி. பதறிவிட்டார், "தரச்சான்று வாங்கினதுக்கப்புறம்தான் நிறையத் தப்பு நடக்குதா" என்று. தப்பு அதே அளவில்தான் சார், இப்போதுதான் நமக்குத் தெரிகிறது என்றேன்.

சேர்த்து வைத்துப் பார்த்தபோது விழுந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரே இடம். இரண்டாம் மாடி பொது பாத்ரூம் வாசற்படி. உள்ளே ஒன்றரை அங்குலம் இறக்கம், வெளிச்சம் இல்லை, பிடிக்க எதுவும் இல்லை. எல்லாம் விடியற்காலை நாலிலிருந்து ஆறுக்குள். காரணமும் எங்களிடம்தான். ராத்திரி டூட்டி முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று லேசிக்ஸ் ஊசியை நாங்கள் நாலரைக்கே போட்டுவிடுவோம். நீர் பிரிக்கிற மருந்தைப் போட்டுவிட்டு இருட்டில் அனுப்பினால் விழாமல் என்ன செய்வார்கள்? கைப்பிடி, ஒரு எல்.இ.டி. விளக்கு, ஊசி நேரம் ஏழு மணிக்கு. இவ்வளவுதான் செய்தோம். இதில் எதையும் 651-ல் ஒன்றாக யாரும் எழுதி வைக்கவில்லை. நோட்டை வைத்துக்கொள், படி, எதையாவது செய் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

#10 கசப்பு_மருந்து

அவர் விழுந்ததும் ஐந்து மணி வாக்கில்தான்.

#11 முப்பது_படுக்கை

சிஸ்டர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பு சொன்னதிலிருந்து எங்கள் வக்கீல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கேஸ் ஷீட்டைத் தவிர எதையும் எழுதி வைக்காதே. நாளைக்கு நுகர்வோர் கமிஷனில் அந்த நோட்டைக் கொண்டுவா என்றால்? போன வருஷம் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். போடத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் நான் என் தவறை நானே எழுதி வைக்க வேண்டும் என்கிறீர்கள்.

#12 வார்டு_சிஸ்டர்

டாக்டர், பயம் நியாயம்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலும் வக்கீல் அதையேதான் சொன்னார். நோயாளி பெயர் இல்லாமல், கேஸ் ஷீட்டோடு சேர்க்காமல், தனி நோட்டாக வைத்தோம். அதனால் நூறு சதவீதம் பாதுகாப்பா என்றால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படியை அப்படியே விட்டிருந்தால் அடுத்த கண்ணாடி அங்கிருந்துதான் உடைந்திருக்கும்.

#13 கணக்குப்பிள்ளை

எண்ணி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மதுரையே போதும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் தொற்று வருவதை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கிறார்கள். அறுவை முடிகிற நேரத்தில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக்கைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை வைத்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள்: தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02-க்கு இறங்கியது. பத்தாயிரத்தில் ஏழு, இரண்டாகிறது. இவ்வளவு அரிதாக வருகிற ஒன்றை எண்ணாமல் இருந்தால் குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

#14 கரூர்க்காரன்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு இடத்துக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

புது ஆஸ்பத்திரியில், முட்டி மாற்றினதில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று கேட்டேன். பி.ஆர்.ஓ. பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார், அதில் டாக்டர்கள் கை கட்டி நிற்கும் போட்டோ. எண் இல்லை. ஆனால் ரத்தம் எடுத்த பெண், ஸ்கேன் எடுத்தவர், வார்டு நர்ஸ் மூன்று பேரும் அம்மாவைப் "பேர் சொல்லுங்க, பொறந்த தேதி சொல்லுங்க" என்றார்கள். மூன்றாவது தடவை அம்மா, "ஏன்டா, இதுங்களுக்கு மறதியா?" என்றார். பாத்ரூமில் கைப்பிடி இருந்தது, தரை காய்ந்திருந்தது.

பழைய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அதே கேள்வி. மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். போட்ட ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு வரி. சிவப்பு மையில் சுழித்தது திரும்பத் திறந்தவை. விரலை வைத்து ஒவ்வொன்றாக, "இது சர்க்கரை கட்டுப்படாம அவசரப்பட்டுப் போட்டது, என் தப்பு" என்று சொன்னார். பெரியப்பா பெயரும் இருந்தது. திரும்பும்போது பாத்ரூமைப் பார்த்தேன். ஈரம், வாசலில் படி, கைப்பிடி இல்லை. அம்மாவை அங்கே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஒரு விஷயம் தெரிய வந்தது. அதே டாக்டர் வியாழக்கிழமைதோறும் பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரி தியேட்டரில் போய் ஆபரேஷன் செய்கிறாராம். அங்கே அவரிடமே போட்டுக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன்.

#15 வார்டு_சிஸ்டர்

நல்ல யோசனை தம்பி. ஆபரேஷனுக்கு முன்னால் வலது முட்டியில் டாக்டரே பேனாவால் குறி போடுவார், அம்மா முழித்திருக்கும்போதே போடச் சொல்லுங்கள். கத்தி வைக்கிறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போகிறதா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவர் வியாழன் வந்து போட்டுவிட்டுப் போய்விடுவார். வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ முதலில் வந்து பார்ப்பது யார்? அவருக்கு போன் பண்ணுவது யார், டியூட்டி டாக்டரா, நர்ஸா? ஆளைக் காட்டச் சொல்லி, பேரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

#16 கரூர்க்காரன்

இதை நான் யோசிக்கவே இல்லை சிஸ்டர். நாளைக்குக் காலையில் போய்க் கேட்டுவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.